சுவரைப் பார்த்துப் பேசியவர்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானால் எல்லாம் ஆறிப்போகும் என்று பலபேர் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஆறவில்லை. என் மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த வீட்டையும் இடித்துக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் யாராவது மேடையேறி, பேச்சுதான் மனிதனுக்கு அழகு என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுவேன். தலைவலி என்று சொல்லிக்கொள்வேன்.

கல்கத்தாவில், பவானிப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் வாடகை வீடு. தலைநகரத்தை டெல்லிக்கு மாற்றிய புதிது. மாமனார் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். என் வீட்டுக்காரர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டை நடத்தியவர் என் நாத்தனார். மாமனாருக்கு மூத்த பெண். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து அப்பாவோடு வந்துவிட்டவர். அப்புறம் நானும் என் பெண் குழந்தையும். குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைக்க ஆரம்பித்திருந்தது.

மருமகள் மாமனாரோடு பேசக் கூடாது. எதிரே வந்து நிற்கக் கூடாது. அவர் கூடத்துக்குள் வந்தால் நான் சமையலறைக்குள் போய்விட வேண்டும். ஊர்ப்பக்கத்திலும் இந்த வழக்கம் இருந்ததுதான். ஆனால் அங்கே வீடு நிறைய ஜனம் இருக்கும். ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு விஷயம் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஊரில் எங்கள் வீட்டில் இருந்தது நாத்தனார் ஒருவர்தான். நான் அவரிடம் சொல்வேன், அவர் அப்பாவிடம் சொல்வார், அப்பா சொல்வதை என்னிடம் கொண்டுவருவார். என் வீட்டுக்காரரும் அப்பா இருக்கிற இடத்தில் என்னோடு பேசமாட்டார். சொந்தக் குழந்தையைக்கூட அப்பா எதிரே தூக்கமாட்டார். மரியாதையாம்.

நாத்தனார் வீட்டில் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர். மாமனார் அந்தப் பக்கத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்து, "காபி ஆயிடுத்தா?" என்பார். யாரையும் கேட்கிறதாக அர்த்தமில்லை; சுவரைக் கேட்கிறார். நான் இந்தப் பக்கத்திலிருந்து அதே சுவரைப் பார்த்து, "ஆயிடுத்து" என்பேன். டம்ளரைச் சமையலறை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் எழுந்துவந்து எடுத்துக்கொள்வார். காபி விஷயத்தில் நான் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவர் காதில் விழுந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கோ இயற்கையிலேயே வாய் அதிகம். பிறந்த வீட்டில் என்னை ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாயை மூடிவைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனால்தான் எனக்கு மூச்சு வரும். பக்கத்து வீட்டு மாடியும் எங்கள் மாடியும் ஒட்டினாற்போல் இருக்கும். அங்கே என் வயதில் ஒரு வங்காளிப் பெண் வருவாள். அவளை நான் தீதி, அதாவது அக்கா, என்பேன். அவளும் என்னைத் தீதி என்பாள். மீன் முள்ளைப் பற்றி அவள் பேச, புளியைப் பற்றி நான் பேச, ஒரு வருஷத்துக்குள் எனக்கு வங்காளம் சரளமாக வந்துவிட்டது. வீட்டில் இது நாத்தனாருக்கு மட்டும் தெரியும்.

இனி அபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் அது கடையில் வெளிப்படையாக விற்றது. மாமனார் முழங்கால் வலிக்காக ராத்திரி ஒரு சின்ன உருண்டை போட்டுக்கொள்வார். ஒரு பித்தளை டப்பியில் அது எப்போதும் அவர் மடியில் இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் அலமாரியில் வைப்பார். பல் முளைக்கிற குழந்தை ஓயாமல் அழுதால் கடுகளவு அபினைப் பாலில் கரைத்துக் கொடுத்துத் தூங்கப்பண்ணுவது இங்கே பல வீடுகளில் உண்டு. ஆயாக்கள் செய்கிற வேலை என்று பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொண்டே கொடுக்கவும் செய்வார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்க்கார் ஆபீஸ் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக டெல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். மிச்சமிருப்பவர்கள் சிதறிப்போய்விடாமல் இருக்க ஒரு சங்கம் வைக்க வேண்டும், நம் குழந்தைகள் தமிழ்ப் பேச்சை மறந்துவிடக் கூடாது என்று மாமனாருக்குத் தோன்றியிருந்தது. அதற்காக எங்கள் கூடத்தில் கூட்டம். கூடம் கொள்ளாமல் ஆண்கள். மாமனார்தான் முதல் பேச்சாளர்.

காலையிலிருந்தே குழந்தை ஈறு வலியில் அழுதுகொண்டிருந்தது. மாமனார் குளிக்கப் போன சமயத்தில் நாத்தனார் டப்பியைத் திறந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பாலில் கரைத்துப் புகட்டினார். "பாவம், வலி பொறுக்காம துடிக்கறது. அப்பாகிட்ட மூச்சு விடாதே, டப்பியத் தொட்டேன்னு தெரிஞ்சா திட்டுவார்" என்றார். குழந்தை சற்று நேரம் கண்ணயர்ந்தது. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களின் சத்தத்தில் விழித்துக்கொண்டு மறுபடியும் வீரிட ஆரம்பித்தது. நான் சமையலறையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. சமையலறைக் கதவை ஒட்டி நடையில் தூளி கட்டியிருந்தது. காலால் தூளியை ஆட்டிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் மாமனார் பேசிக்கொண்டிருந்தார். மிருகத்திலிருந்து மனிதனை உயர்த்துவது பேச்சு ஒன்றுதான் என்றார். ஒரு மனதில் இருப்பது இன்னொரு மனதுக்குப் போய்ச் சேராவிட்டால் குடும்பம் ஏது, சமூகம் ஏது என்றார். நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நடுவில் குழந்தை இன்னும் ஓங்கி அழுதது. யாரோ சிரித்தார்கள்.

பேச்சை நிறுத்திவிட்டு அவர் நடைக்கு வந்தார். நான் வழக்கப்படி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது. மடியிலிருந்து டப்பியை எடுத்தார். ஒரு துணுக்கைக் கிள்ளினார். தூளியை விலக்கி, விரலைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

"காலம்பரவே ஒரு தரம் கொடுத்தாச்சு" என்றேன்.

சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் வைத்த விதிப்படியே சொன்னேன். காபி விஷயத்தில் சொல்வதைவிட உரக்கச் சொன்னேன். அவருடைய விரல் ஒரு கணம் நின்றாற்போல் எனக்குத் தோன்றியது. பிறகு குழந்தையின் வாய்க்குள் போயிற்று. நாக்கில் தடவிவிட்டு, டப்பியை மூடி மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்குப் போய்விட்டார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நாத்தனார் கொல்லைக் குழாயடியிலிருந்து ஈரத்துணியோடு வந்ததும் அவரிடம் ஓடினேன். கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "கடுகத்தனைதானே, ஒண்ணும் ஆகாது. இப்போ போய் அத்தனை பேர் எதிர்ல அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றார். வீட்டில் இருந்த ஒரே பாலமும் அவர்தான். அன்றைக்கு அந்தப் பாலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் முனைந்திருந்தது.

குழந்தை அடங்கிவிட்டது. கூட்டம் முடிந்து, பஜ்ஜித் தட்டுகள் கூடத்துக்குப் போயின. பால் கொடுக்கலாம் என்று குழந்தையைத் தூக்கினேன். தலை துணி மாதிரித் தொங்கிற்று. மார்பில் வைத்தால் சப்பவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் காத்துக்கொண்டிருந்தேன். உதடு கருத்திருந்தது. என் வீட்டுக்காரர் காபி டம்ளர்களை எடுத்துப்போக நடைக்கு வந்தார். "கொழந்தைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா இருக்கார். அப்புறம் சொல்லு" என்றார்.

குழந்தையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தவர் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுத் தெருமுனை டாக்டரைக் கூப்பிட ஓடினார். என்ன நடந்தது என்று கேட்க நிற்கவில்லை. ஓடியது சரிதான். ஆனால் ஒரு வாக்கியம் கேட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம்.

வங்காளி டாக்டர் பையோடு வந்தார். கூடத்தில் அத்தனை ஆண்களும் இன்னும் இருந்தார்கள். அந்நிய ஆணை உள்ளே விடுவது எங்கள் வழக்கமில்லை. நாத்தனார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மாமனார் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். கூடத்து ஜன்னலைக் கூட்டம் மறைத்திருந்ததால் அங்கே வெளிச்சம் குறைவு. டாக்டர் நாடியைப் பார்த்தார். ஜுரம் உண்டா, வலிப்பு வந்ததா என்று கேட்டார். பிறகு, ஏதாவது கொடுத்தீர்களா, அபின் மாதிரி ஏதாவது, என்று வங்காளத்தில் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடுவார், தாத்தா அல்லவா என்று நினைத்தேன்.

"ஒன்றும் கொடுக்கவில்லை, டாக்டர். தாய்ப்பால் மட்டும்தான்" என்றார் மாமனார், சுத்தமான இங்கிலீஷில். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். கொஞ்ச நேரத்துக்கு முன் கை தட்டியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரே ஆயாக்கள் செய்கிற வேலையைத் தான் செய்ததாக அவர் சொல்வாரா?

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, மூளை ஜுரமாக இருக்கலாம் என்று ஏதோ முணுமுணுத்தபடி பையைத் திறந்து ஒரு சீசாவை எடுத்தார்.

அதற்கப்புறம் நான் யோசித்ததாக நினைவில்லை. கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மாவுக் கை, நழுவிய தலைப்பு, சுற்றிலும் ஆண்கள். "டாக்தார் பாபு, ஆஃபிம் காயியேச்சே! தூ பார்!" என்று கத்தினேன். அபின் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு தரம் என்று. காலையில் ஒரு தரம், இப்போது ஒரு தரம், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. அதற்கு நேரமில்லை.

டாக்டர் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. சீசாவைப் பையில் திரும்பப் போட்டார். அதிலும் அபின் சத்து உண்டு, ஒரு சொட்டு கொடுத்திருந்தால் அவ்வளவுதான் என்று பிற்பாடு சொன்னார். "கோஃபி! காலோ கோஃபி!" என்று இரைந்தார். பால் விடாத காபி. தமிழர் வீட்டில் அதற்கா பஞ்சம்? வந்தவர்களுக்காக இறக்கிவைத்த டிகாக்ஷன் அடுப்படியில் நிறைய இருந்தது. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். முகத்தில் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்காலைச் சுண்டி, தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டே இருந்தோம். அப்பா எதிரில் குழந்தையைத் தொடாத என் வீட்டுக்காரர் அன்று அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவினார்கள். மாமனார் ஈஸிசேர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

விளக்கேற்றுகிற நேரத்தில் குழந்தை அழுதது. எந்த அழுகையை நிறுத்துவதற்காக இத்தனை பாடுபட்டார்களோ அதே அழுகை. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பேச்சே கேச்சே, மா" என்றார். பிழைத்துவிட்டது, அம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

குழந்தை பிழைத்ததே, அப்புறம் எதற்குக் கோபம் என்று நீங்கள் கேட்கலாம். மேலே கேளுங்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அபின் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் என் வாயைப் பற்றித்தான். அத்தனை ஆண்கள் எதிரே வந்து நின்றாளாம். தலைப்பு நழுவியிருந்ததாம். வங்காளத்தில் கத்தினாளாம். மொட்டைமாடிக்கு இனிமேல் நான் போகக் கூடாது என்று நாத்தனார் மூலம் உத்தரவு வந்தது. அந்த உத்தரவுதான் அவர் கொண்டுவந்த கடைசிப் பேச்சு. இனிமேல் எனக்கும் மாமனாருக்கும் நடுவே அவர் எதையும் சொல்லக் கூடாது என்றும் ஆகிவிட்டது. பேசியதற்குத் தண்டனையாக, என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, ரொம்ப அன்பாக, "நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். கையில் இருந்த சொம்பைத் தரையில் ஓங்கி வைத்தேன். அதன் அடி நசுங்கிவிட்டது. அவர் நல்லவர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் நல்லவர்களுக்கும் காது வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. அன்று கூடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை அல்லவா? தாத்தா கொடுக்கவில்லை என்கிறார், அவர் பொய் சொல்வாரா? அப்படியென்றால் அம்மாக்காரிதான் கொடுத்திருக்க வேண்டும், வேலை ஆகவேண்டுமே என்று பெற்ற குழந்தைக்கே அபினைக் கொடுத்துவிட்டு, பயந்துபோய்க் கடைசியில் உளறிவிட்டாள் என்று கதை கட்டிவிட்டார்கள். நவராத்திரிக்கு ஒரு வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனேன். அந்த வீட்டு மாமி குங்குமம் கொடுத்துவிட்டு, என் இடுப்பில் இருந்த குழந்தையின் கன்னத்தைத் தடவி, "இனிமேயாவது ஜாக்கிரதையா பார்த்துக்கோடி" என்றாள். மறுத்துச் சொன்னால் மாமனாரைக் காட்டிக்கொடுத்த மருமகள். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு விஷம் வைத்த தாய். அந்தக் கதை மாமனார் காதுக்கும் போயிற்று. வாசல் அறையில் யாரோ அவரிடமே அதைச் சொல்லி அனுதாபப்பட்டதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "என்ன பண்றது" என்றார். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிற மனிதருக்கு அன்று அதற்குமேல் வார்த்தை கிடைக்கவில்லை.

சங்கம் நன்றாக நடந்தது. அவர்தான் தலைவர். பேச்சின் மேன்மையைப் பற்றி இன்னும் பலமுறை பேசினார்.

மறு வருஷம், மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். நாத்தனார் காளிகாட் கோயிலுக்குப் போயிருந்தார். மாமனாருக்குக் கால் வலி, ஆபீஸ் போகவில்லை. நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டு, கூடத்துக்கும் எனக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. காபி கேட்கப்போகிறார் என்று எழுந்தேன்.

"அன்னிக்கு எனக்குக் காதுல விழுந்தது" என்றார், சுவரைப் பார்த்து.

கையில் கீரையோடு அப்படியே நின்றேன்.

"காலம்பரவே கொடுத்தாச்சுன்னு சொன்னது விழுந்தது. பதில் சொல்லப்படாதேன்னு... கூடத்துல எல்லாரும் காத்துண்டிருந்தா..."

மேலே வரவில்லை. எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. விரல் நின்றதா இல்லையா என்று ஒரு வருஷமாக எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். கேட்டிருக்காது, பாவம், வயதானவர் என்றுகூடச் சில நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் விரலை வாய்க்குள் விட்டிருக்கிறார்.

வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போனேன். அவருக்கு நேர் எதிரே நின்றேன். என் குழந்தை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

"சுவர்கிட்ட சொல்லாதீங்கோ. என்னைப் பார்த்து சொல்லுங்கோ" என்றேன்.

கல்யாணமாகி வந்தபிறகு அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கடைசிப் பேச்சும் அதுதான். அவர் உதடு அசைந்தது. கண் கலங்கியிருந்தது, அதையும் நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே காலில் விழுந்திருப்பேன். ஊர் சொன்னதையெல்லாம் மறந்திருப்பேன். அவர் குழந்தையின் கையிலிருந்து வேட்டியை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஈஸிசேரைச் சற்றுத் திருப்பிப் போட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "காபி ஆயிடுத்தா?" என்றார்.

அந்தச் சுவருக்குப் பதில் சொல்வதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன்.